பிஸ்கட்டா, பணிஸா

மழை பெய்தால் வகுப்பு நிறைந்துவிடும். வெயில் அடித்தால் பாய்கள் வெறுமையாகக் கிடக்கும். ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் இறங்காமல் தண்ணீரோடு கலந்து மரத்தின் மேலேயே வழிந்து போகும். ஆகவே காலையில் தெஹியோவிட்டைப் பக்கம் வானம் கொட்டினால், பிற்பகல் ஆங்கில வகுப்புக்கு ஆட்கள் குடையோடும் தலையில் கவிழ்த்த உரப்பையோடும் வந்து சேர்வார்கள்.

வந்து சேர்ந்தவர்களுக்கு எதுவும் கேட்காது. வகுப்பு நடந்தது பிள்ளைக் காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் நீண்ட அறை அது. மேலே தகரம். மழை விழுந்தால் மிஸ் சொல்வது முதல் பாய்க்கு மட்டும்தான் கேட்கும். இரண்டாம் பாயில் இருப்பவர்கள் முதல் பாயின் வாயைப் பார்த்துச் சொல்வார்கள். மூன்றாம் பாய் இரண்டாம் பாயைப் பார்க்கும். கடைசிப் பாய்க்குப் போய்ச் சேரும்போது அது என்ன மொழியாக இருக்கும் என்பதை நான் குறித்துக்கொள்ள முயன்று கைவிட்டேன்.

நான் அங்கே போனது ஒரு செய்திக்காக. கொழும்பில் பத்திரிகை மேசையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது இந்தப் பகுதியிலிருந்து செய்தி அனுப்புகிறேன். தோட்டத்தில் ஆங்கில வகுப்பு தொடங்கியிருக்கிறது என்று சொன்னார்கள், போனேன், இரண்டு பத்தி எழுதினேன். படத்தோடு வந்தது. படத்தில் சுவரில் வரைந்திருந்த ஆப்பிள் பழம் படிக்க வந்தவர்களைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"சார், நீங்க சும்மா வந்து ஒக்காருங்க" என்றார் மிஸ். "இவங்களுக்கு வெளி ஆள் ஒருத்தரோட பேசிப் பழகணும். என்னைப் பார்த்துப் பார்த்து சலிச்சுப்போச்சு."

மிஸ், தெஹியோவிட்டை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். வகுப்பில் இருந்த எல்லோரையும்விட வயதில் சிறியவர். 'சொல்லுங்க' என்பது அவர் வாயில் 'செல்லுங்க' என்று வரும். 'இருக்கு' என்பது 'ஈக்கு' ஆகும். முதல் வாரம் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள், பிறகு அவரைப் பகிடி பண்ணுவதாக நினைத்துத் தாங்களும் 'ஈக்கு' என்று பேசப் போய், அது வாயில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு முன்னால் அவர்கள் கற்றுக்கொண்டது அதைத்தான்.

வகுப்புக்கு வந்தவர்களில் பலருக்கு வெளிநாடு போகும் யோசனை இருந்தது. கங்காணிக்கு மட்டும் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"தொரை வீட்டு நாய்க்கு இங்கிலீஸ்தான் சார் வெளங்குது. நான் தமிழ்ல போடான்னா மொறைக்குது."

உண்மையாகவே தேவையோடு வந்தவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பால் வெட்டுபவர். கணவர் மாலைதீவில், உல்லாசப் பயணிகள் தங்கும் ஒரு தீவில் தோட்டக்காரராக இருக்கிறார். கல்யாணம் முடிந்து சில மாதங்களில் போனவர்.

"வருசத்துக்கு ஒருக்கா வர்ற விருந்தாளி சார்" என்றார் அந்தப் பெண். "வந்தா கோழி அடிக்கணும். போகும்போது பஸ் வரைக்கும் பேக் தூக்கிட்டுப் போகணும்."

அந்த நிறுவனம் சலவைப் பகுதிக்குப் பெண்களை எடுக்கப் போவதாகக் கணவர் போனில் சொல்லியிருந்தார். கணவனும் மனைவியும் ஒரே தீவில் வேலை பார்த்தால் அவர்களுக்குத் தனி அறை கொடுப்பார்கள். நிறுவனத்துக்கு இரண்டு தீவுகள். ஒன்று கணவர் இருக்கும் பழைய தீவு. மற்றது புதிதாகத் திறந்தது. அங்கே போக வேண்டுமானால் தலைநகருக்கு வந்து படகு மாற வேண்டும், வேலை செய்கிறவர்கள் நினைத்தபடி போய்வர முடியாது. ஆளை எடுப்பதற்கு முன் பெண் அதிகாரி ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவில் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார். பேசும்போது அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வேறொரு தொழிலாளியின் மனைவிக்குப் பக்கத்திலிருந்து அண்ணன் பதில் சொல்லிக் கொடுத்தது கேட்டு, அவரை அந்த இடத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

கணவர் அனுப்பியிருந்த ஒரு படத்தை அந்தப் பெண் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். கூட வேலை செய்யும் ஒரு தம்பதியின் அறை. கட்டில், மேசை விசிறி, ஒரு ஜன்னல்.

"ஜன்னலத் தொறந்தா செவருதானாம்" என்றார். "பரவால்ல. ரெண்டு பேருக்கு ஒரு கதவு."

தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில், அவரோடு மாமியாரும் கணவரின் தம்பி குடும்பமும் இருந்தார்கள். அவர் சொன்ன அந்தக் கதவு என்னவென்று வகுப்பில் இருந்த எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மழை நாளில் மிஸ் ஒரு பயிற்சி கொடுத்தார். ஆங்கிலத்தில் கேட்பார்: டீயா, காபியா? வகுப்பு விரும்பியதைச் சொல்ல வேண்டும்.

"டீ ப்ளீஸ்" என்றது வகுப்பு.

மிஸ் மாற்றிக் கேட்டார். காபியா, டீயா?

"காபி ப்ளீஸ்."

"ஒரு நிமிசத்துக்கு முந்தி டீ கேட்டீங்களே?"

"ஆமா மிஸ்."

மிஸ் முதல் பாயில் இருந்த அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அக்கா, நீங்க காபி குடிப்பீங்களா?"

"ஐயோ, இல்ல மிஸ். காபி குடிச்சா நெஞ்சு எரியும்."

"அப்ப ஏன் காபி கேட்டீங்க?"

"மிஸ்தானே மொதல்ல காபின்னு சொன்னீங்க."

வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். மழைச் சத்தத்தில் காதில் விழுந்த முதல் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்தேன். மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தார். வார்த்தையாகக் கேட்பதால்தான் இப்படி, பொருளைக் கண்முன்னே வைத்துக் கேட்டால் சரியாகிவிடும் என்று அடுத்த வகுப்புக்கு பேக்கரியிலிருந்து சீனி தூவிய பணிஸும் ஒரு பாக்கெட் வெறும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார். பணிஸ் இன்னும் சூடாக இருந்தது. அந்த வாசனை அறை முழுக்க நின்றது. அன்று மழையும் இல்லை. வந்திருந்தது ஏழெட்டுப் பேர். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

பிஸ்கட்டா, பணிஸா என்று ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு தட்டை நீட்டினார். ஒவ்வொருவரும் பிஸ்கட் எடுத்தார்கள். கங்காணி பணிஸைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட்டை எடுத்தார்.

தட்டில் பணிஸ் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏன், பணிஸ் புடிக்காதா?"

கடைசியில் கங்காணிதான் சொன்னார்: "பணிஸ் மிஸ் வீட்டுக்குக் கொண்டு போக வச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

"அல்லாஹ்! நான் எதுக்கு இவ்வளவையும் வீட்டுக்குக் கொண்டு போறேன்? தின்னுங்க!"

பணிஸ் தீர எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இதன் காரணம் எனக்கு விளங்கியது வகுப்பில் அல்ல, பெரட்டுக் களத்தில். வேறொரு செய்தி விஷயமாக ஒரு நாள் விடிந்தவுடன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பால் வாளியும் கத்தியுமாகப் பெண்கள் கூடி நின்றார்கள். அன்று ஒரு ஆள் வேலைக்கு வரவில்லை. மேல் மலையில் இருந்த அந்த ஆளின் மரங்களை யாராவது வெட்ட வேண்டும். கங்காணி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இன்னைக்கு மேல் மலைய பாக்குறியா, இல்ல ஒன் மலைக்கே போறியா?"

"மேல் மலைய பாக்குறேன் அண்ணே."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். மேல் மலை செங்குத்து. மழைக்காலத்தில் அங்கே அட்டை மொய்க்கும். களம் காலியான பிறகு நான் கங்காணியிடம் கேட்டேன்.

"அவங்க தன் மலைக்கே போறேன்னு சொல்லியிருந்தா?"

கங்காணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேப்பரில் எழுதுகிற ஆளுக்கு இதுவுமா தெரியாது என்ற பார்வை.

"எப்படி சார் சொல்லுவா? ரெண்டாவது சொல்றது ஒரு மொறைக்குத்தான். ஒத்தையா 'மேல் மலைக்குப் போ'ன்னா அதட்டுற மாதிரி ஈக்கும். ரெண்டா கேட்டா மரியாத. மொதல்ல சொல்றதுதான் வேல. தொரை என்கிட்ட அப்பிடித்தான் கேப்பாரு. நான் இவங்ககிட்ட அப்பிடித்தான் கேப்பேன்."

"யாருமே ரெண்டாவதைச் சொன்னதில்லையா?"

"புதுசா கல்யாணம் கட்டி வந்த புள்ள ஒண்ணு சொல்லிச்சு. 'ஓடைப் பக்கமே போறேன் அண்ணே'ன்னு. அப்புறம் அவளுக்கு வெளங்கிருச்சு."

"எப்படி?"

"அவ கேட்டதையே குடுத்தோம் சார். ஓடைப் பக்கம். தெனமும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. அந்தப் பெண்ணின் மாமியாருக்கு உடம்பு முடியாதபோது முச்சக்கர வண்டிக்கு அலைந்தவர் அவர்தான்.

மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப இவங்களுக்கு 'ஆர்', அதான் 'அல்லது'ன்னு ஒண்ணு இல்லையே சார்" என்றார். பிறகு, "அந்தக் காரி எந்தத் தீவு வேணும்னு கேட்டா?" என்றார்.

அந்தக் காரி என்றது இதுவரை யாரும் பார்க்காத மாலைதீவு அதிகாரியை.

அதன் பிறகு பயிற்சி மாறியது. நான் மேனேஜர். குழந்தைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டு, கையில் இல்லாத போனைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். காலை வேலையா, மாலை வேலையா? துவைக்கும் இடமா, இஸ்திரி போடும் இடமா? அந்தப் பெண் முதல் நாளிலேயே இரண்டாவதைச் சொன்னார். தயக்கமே இல்லை. நான் எப்படி மாற்றிக் கேட்டாலும் தனக்கு வேண்டியதைச் சொன்னார். புதுத் தீவா, பழைய தீவா என்று கேட்டபோது மிஸ் சொல்லிக் கொடுத்திருந்த முழு வசனத்தையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னார்: எனக்கு என் கணவர் இருக்கும் தீவில்தான் வேலை வேண்டும், மேடம்.

"மரத்துக்கு மரம் இதத்தான் சொல்லிக்கிட்டே வெட்டுறேன் மிஸ்" என்றார். "மரத்துக்கே பாடமாயிருக்கும்."

வகுப்பு கை தட்டியது. கங்காணி மட்டும் தட்டவில்லை.

"பேப்பர் சார்கிட்ட யாருக்குப் பயம்?" என்றார். "அவரு நம்மள எந்த மலைக்கு அனுப்பப் போறாரு?"

அது பகிடியாகச் சொன்னதுதான். நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்துத் துரையைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைக்கவா முடியும்? மிஸ் தன் வாப்பாவை ஒரு நாள் அழைத்துவந்தார். வாப்பா குரலை இறுக்கிக் கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு அவர் அண்ணன் முறையில் கூப்பிடும் புடவைக்கடை 'நானா'தான். சேலையில் சாயம் போனதைப் பற்றி அவரிடமே முறைப்பட்டவர். அவரிடமும் இரண்டாவதைத்தான் சொன்னார்.

நேர்முகத்தை லயத்தில் வைக்க முடியாது. சிக்னல் இல்லை, தனி அறை இல்லை, தகரக் கூரை. புடவைக்கடையின் பின்னால் சரக்கு வைக்கும் அறையை வாப்பா ஒழித்துக் கொடுத்தார். மேலே கொங்கிரீட். போனை பாடசாலைச் சீருடைத் துணிக் கட்டுகளின் மேல் சாய்த்து வைத்தோம். அந்தப் பெண் கணவர் போன லீவில் கொண்டுவந்த நீலச் சட்டையும் பாவாடையும் போட்டிருந்தார். கையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்த கோடுகளைத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி சிவந்திருந்தது.

"கை தெரியாது அக்கா. முகம்தான் தெரியும்" என்றார் மிஸ்.

"இருந்தாலும் மிஸ்."

நானும் மிஸ்ஸும் பலகைக் கதவுக்கு வெளியே நின்றோம். கதவில் விரல் அகல இடைவெளி. அதன் வழியே அவருடைய பக்கவாட்டு முகமும் ஒரு காதும் தெரிந்தன. மழை இல்லை. முன்பக்கம் வாப்பா யாருக்கோ துணி கிழித்துக் கொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரியின் குரலில் கடுமை இல்லை. நிறுத்தி நிதானமாகத்தான் பேசினார். பெயர், வயது, என்ன வேலை செய்கிறீர்கள், இயந்திரத்தில் துவைத்திருக்கிறீர்களா. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒரு கேள்வி விளங்காதபோது, தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. வகுப்பில் யாரையும் தனியாக அந்த வசனத்தைச் சொல்ல வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார் அதிகாரி. பிறகு சொன்னார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக: எங்களிடம் இரண்டு தீவிலும் இடம் இருக்கிறது. புதுத் தீவில் ஆட்கள் தேவை. புதுத் தீவு உங்களுக்குச் சரியா, அல்லது உங்கள் கணவர் இருக்கும் தீவு வேண்டுமா?

இதைவிட நல்ல கேள்வியை நாங்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு அதிகாரி ஒதுங்கி நின்றதைப் போல இருந்தது. மிஸ்ஸின் உதடுகள் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லத் தொடங்கின.

உள்ளே அந்தப் பெண் போனிலிருந்து கண்ணை எடுத்து ஒரு தடவை பக்கத்தில் பார்த்தார். பெரட்டுக் களத்தில் பக்கத்து ஆளைப் பார்ப்பது போல. பக்கத்தில் துணிக் கட்டுகள்தான் இருந்தன.

"ஓகே மேடம்" என்றார்.

புதுத் தீவு சரியா?

"ஓகே மேடம். தேங்க்யூ மேடம்."

மிகவும் நல்லது என்றார் அதிகாரி. மிஸ்ஸின் கை கதவின் கொண்டி மேல் இருந்தது. திறந்தால் இன்னொரு குரல் கேட்கும். கேட்டால் புதுத் தீவும் இல்லை, பழைய தீவும் இல்லை. அந்தக் கை கொண்டி மேலேயே இருந்தது. அதிகாரி அந்தப் பெண்ணை வாழ்த்தினார். திரை இருண்டது.

வெளியே வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது. "கெடச்சிருச்சு மிஸ்!"

"எந்தத் தீவு அக்கா?"

"புதுசு."

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"கேட்டது வெளங்கலையா?"

"வெளங்குச்சு மிஸ். எல்லாம் வெளங்குச்சு. ரெண்டுலயும் எடம் இருக்குன்னாங்க. புதுசுக்கு ஆள் வேணும்னாங்க."

"பொறகு? ஒங்க புருஷன்ட தீவு வேணுமான்னும் கேட்டாங்கதானே? நாங்க எத்தன தரம் செல்லிப் பாத்தோம்!"

"அந்த வசனம் வந்திருச்சு மிஸ். இந்தா, இங்க வரைக்கும் வந்திருச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "ஆனா அவங்க புதுசத்தானே மொதல்ல சொன்னாங்க? அவங்களுக்கு அதுதானே வேணும்? நான் மத்தத கேட்டா, இவ இப்பவே எடுத்தெறிஞ்சு பேசுறான்னு வேலையே இல்லன்னுட்டா?"

அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. அந்தத் தீவில் இரண்டாவதைக் கேட்டவர்களை என்ன செய்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வாப்பா ஒரு தட்டில் மூன்று கிளாஸ் சோடாவோடு வந்தார். "என்னா மகள், பாஸா?"

"பாஸ் வாப்பா" என்றார் மிஸ்.

அன்றே மிஸ் அதிகாரியின் எண்ணுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினார். நான் இரண்டு இடத்தில் திருத்தினேன். பதில் மறுநாள் வந்தது. மரியாதையான பதில். விண்ணப்பதாரர் தாமாகவே புதிய தீவுக்குச் சம்மதித்தார், அதன்படி இடம் உறுதியாகிவிட்டது, மாற்றம் வேண்டுமென்றால் ஒப்பந்தக் காலத்தின் பின்னர் பரிசீலிக்கலாம். பத்திரிகையில் பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் உள்பக்கத்தில் திருத்தம் போட வேண்டும். இங்கே திருத்துவதற்குப் பிழை இல்லை. கேட்டார்கள், சம்மதித்தார்.

கணவரோடு நான் போனில் பேசினேன். அவருடைய மேலாளர் நல்லவர் என்று முன்பு சொல்லியிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே என்றேன்.

"அவரே கூப்பிட்டுக் கேட்டாருங்க சார்" என்றார் கணவர். பின்னால் எங்கோ இயந்திரம் ஓடும் இரைச்சல். "ஒன் வைஃப் புதுத் தீவுக்கு வாராங்க, ஒனக்கு ஓகேவா, இல்ல ஏதும் பிரச்சினையான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓகேன்னேங்க."

அவரும் அதே களத்தில் வளர்ந்தவர் என்பதை நான் மறந்திருந்தேன்.

வகுப்பில் எல்லோரும் அந்தப் பெண்ணை வாழ்த்தினார்கள். வகுப்பிலிருந்து முதலில் போகிற ஆள் அவர்தான். கங்காணியும் வாழ்த்தினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "புதுத் தீவா சார்? அப்ப அந்தப் பையன் ஒரு தீவு, இவ ஒரு தீவா?" என்றார். ஆமாம் என்றேன். "மொதல்ல எதக் கேட்டாங்க?" சொன்னேன். அவர் கையிலிருந்த குடையின் நுனியால் தரையைக் குத்திக்கொண்டு நின்றார். "அப்ப வேற எப்படிச் சொல்ல முடியும்" என்றுவிட்டு, அன்று வகுப்புக்கு இருக்காமல் போய்விட்டார்.

புறப்படுவதற்கு முன் நானும் மிஸ்ஸும் லயத்துக்குப் போனோம். மிஸ் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: இது அவருடைய வாழ்க்கை, அவரிடமே கேட்டுவிட வேண்டும், ஆங்கிலம் வேண்டாம், யாரும் அதிகாரி வேண்டாம், அவர் மொழியில், அவர் வீட்டில் கேட்க வேண்டும். போக விருப்பமில்லை என்றால் நிறுத்திவிடலாம்; பழைய தீவில் இடம் வரும்போது மறுபடி பார்க்கலாம்.

பேக் பாதி கட்டியிருந்தது. கட்டிலின் மேல் நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது. மாமியார் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். அறையின் கதவு திறந்தே இருந்தது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மிஸ் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, மனசுல உள்ளத செல்லுங்க. போறீங்களா, இல்லாட்டி இங்கேயே ஈக்கிறீங்களா?"

அந்தப் பெண் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார்.

"போறேன் மிஸ்."

"நெசமாவா?"

"நெசமா மிஸ்."

டீயைக் குடித்துவிட்டு இறங்கினோம். கீழே வண்டி நிற்கும் திருப்பத்துக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை. மிஸ் முன்னால் போனார். பாதி வழியில் நின்றார்.

"சார், நான் போறதத்தானே மொதல்ல செல்லினேன்?"

"ஆமா."

"திரும்பிப் போய் மாத்திக் கேட்டா?"

"இருக்கேன்னு சொல்லுவாங்க."

அவர் மேலே பார்த்தார். லயத்துக் கூரைகளும் மாமியார் மூட்டிய அடுப்பின் புகையும் தெரிந்தன. மறுபடி ஏறுவார் என்று நினைத்து நான் ஒதுங்கி வழி விட்டேன். முதல் துளிகள் இலைகளில் விழும் சத்தம் கேட்டது. மிஸ் குடையை விரித்தார். விரித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வண்டிக்காரர் கீழேயிருந்து ஹார்ன் அடித்தார்.

"இது விடியிற வரைக்கும் விடாது" என்றார் மிஸ். "நாளைக்கு வகுப்பு நெறையும்."